வெள்ளாங்குளத்து முற்றத்தில் கொத்து ரோசா: கொஞ்சத் தண்ணீர், கொஞ்ச நிலம், பல நாள் பூ

மன்னார் – பூநகரி ஏ-32 வீதியில் வெள்ளாங்குளத்தைக் கடந்து போகிறவர்கள் வீதியோரத்து வீடுகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, பக்கத்தில் கறுப்புத் தண்ணீர்த்தாங்கி, முன்னால் கிடுகு வேலி அல்லது தகர வேலி. வேலிக்கும் வாசற்படிக்கும் இடையில் நாலைந்து பூமரங்கள். செவ்வரத்தை இருக்கும், நித்தியகல்யாணி இருக்கும், சில வீடுகளில் போகன்விலா தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்க்கும். ரோசா அநேகமாக இருக்காது. இருந்தாலும் ஓர் உரப்பைக்குள் காய்ந்த தடியாகத்தான் நிற்கும்.

கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "நட்டனாங்கள், சரிவரேல்லை. இந்த மண்ணுக்கு ரோசா சரிவராது."

நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று கன்றுகளைச் சாகக் கொடுத்த பிறகுதான், மண்ணில் மட்டும் பிழை இல்லை என்பது விளங்கியது. நான் வாங்கிய இனம் பிழை, அது நின்ற வேர் பிழை, தண்ணீர் விட்ட முறையும் பிழை. இன்று எங்கள் முற்றத்தில் ஐந்து கொத்து ரோசாச் செடிகள் நிற்கின்றன. வாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவை என்னிடம் கேட்பதில்லை. கன்றுக்குக் கொடுக்கும் காசு எங்கள் வீடுகளில் சும்மா வருகிற காசு அல்ல. அது வீணாகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அம்மாவின் கன்று

2008 ஆம் ஆண்டு யூலை மாதம் நாங்கள் வெள்ளாங்குளத்தை விட்டு வெளிக்கிட்டபோது, கிணற்றடியில் அம்மா வைத்த ஒரு சிவப்பு ரோசா நின்றது. அந்த வருட ஆகஸ்ட் தொடக்கத்தில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. பிறகு நடந்தவற்றை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீள்குடியேற்றத்தில் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணற்றுக்கட்டு பாதி உடைந்திருந்தது. ஆனால் அந்த இடத்தில், பற்றைக்குள், ரோசா பச்சையாக நின்றது. அம்மா அழுதுவிட்டா.

பற்றையை வெட்டி, எரு போட்டு, தண்ணீர் ஊற்றினோம். நீளநீளமாகத் தடிகள் வந்தன. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது, ஒரு பூவும் இல்லை. பிறகு ஒருநாள் ஊருக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது உங்கட ரோசா இல்லை. இது அடிக்கட்டை."

கடையில் வாங்கும் ரோசாக் கன்றுகளில் பெரும்பாலானவை ஒட்டுக் கன்றுகள். கீழே வேர் ஒரு காட்டு ரோசாவுடையது. அதன் தண்டில், நமக்கு வேண்டிய பூவைத் தரும் செடியின் ஓர் அரும்பை வைத்து ஒட்டுவார்கள். மேல்பகுதி வெயிலில் காய்ந்தோ, ஆடு மாடு கடித்தோ, தீயில் எரிந்தோ செத்துப்போனால், வேர் தன்னுடைய சொந்தத் தடியை மேலே அனுப்பும். செடி உயிரோடு இருக்கும். ஆனால் அதில் நமது பூ இருக்காது. எங்கள் கிணற்றடியில் நடந்தது அதுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், ரோசா வாங்கும்போது எடுக்கவேண்டிய முதல் முடிவே இதில்தான் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கொத்து ரோசா என்றால் என்ன?

நாம் பொதுவாக ரோசா என்று நினைப்பது, ஒரு நீண்ட காம்பில் ஒரே ஒரு பெரிய பூ பூக்கும் வகையை. அதற்கு ஹைபிரிட் ரீ என்று பெயர். கொழும்பில் பூக்கடைகளில் விற்கும் ரோசா, தமிழ்நாட்டில் ஓசூர்ப் பக்கத்தில் பொலித்தீன் கூடாரங்களுக்குள் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ரோசா எல்லாம் இந்த வகைதான். பார்க்க அழகு. ஆனால் உயரமாக வளரும், சாப்பாடு நிறையக் கேட்கும், நோய்க்கும் மருந்தடிக்கவேண்டும்.

கொத்து ரோசா வேறு. ஆங்கிலப் பெயர் புளோரிபண்டா. நிறையப் பூப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் கருத்து. ஒரு காம்பின் நுனியில் ஐந்து, பத்து, சிலவேளை அதற்கும் மேல் மொட்டுகள் கொத்தாக வரும். ஒரு கொத்தில் ஒரு பூ வாடும்போது அடுத்தது விரியும். அதனால் ஒரு செடியில் வாரக்கணக்கில் பூ நிற்கும். செடி இரண்டு அல்லது மூன்று அடிக்குமேல் அநேகமாகப் போகாது. அகலமும் அவ்வளவுதான். அடியிலிருந்தே பல கிளைகள் வருவதால், ஒரு கிளை பட்டுப்போனாலும் செடி போகாது.

இதை முதலில் உருவாக்கியவர்கள் டென்மார்க் நாட்டின் போல்சன் குடும்பத்தினர். கடும் குளிரைத் தாங்கும், சின்னப் பூக்களைக் கொத்தாகத் தரும் பொலியன்தா என்ற ரோசாவையும் பெரிய பூத் தரும் ஹைபிரிட் ரீயையும் அவர்கள் இணைத்தார்கள். 1924 இல் வந்த 'எல்ஸ் போல்சன்' அந்த ஆரம்பகால இனங்களில் புகழ்பெற்றது. ஜெர்மனியில் கோர்டஸ் நிறுவனம் 1958 இல் வெளியிட்ட 'ஐஸ்பேர்க்' என்ற வெள்ளைப் புளோரிபண்டா இன்று உலகம் முழுவதும் நிற்கிறது. அவுஸ்திரேலியாவின் வெயிலிலும் நன்றாகப் பூக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை டெல்லியில் இருக்கிறது. அங்கே இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை ஆய்வில் பெயர் பெற்ற பி.பி. பால் என்ற விஞ்ஞானி, வட இந்தியாவின் வெயிலுக்கு ஏற்ற ரோசாக்களை உருவாக்குவதில் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 'டெல்லி பிரின்சஸ்', 'ஹிமாங்கினி', 'மோகினி' ஆகியவை அந்த நிலையத்திலிருந்து 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த புளோரிபண்டாக்கள். குளிருக்காகப் பிறந்த ஓர் இனம் வெயில் நாடுகளிலும் காலூன்றிவிட்டது.

எங்கள் 'சின்ன முற்றம்' ஏன் சின்னது?

நகரத்தில் இருப்பவர்களுக்கு நிலம் சின்னது. வவுனியாவில், யாழ்ப்பாணத்தில், கொழும்பில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு படிக்கட்டு, ஒரு மதிலோரம். வெள்ளாங்குளத்தில் அப்படி இல்லை. வளவு கால் ஏக்கர், அரை ஏக்கர் இருக்கும். ஆனால் வாளியோடு நடக்கக்கூடிய தூரம், கட்டாக்காலி மாடும் ஆடும் புகாமல் அடைக்கக்கூடிய வேலி, வேலைக்குப் போய்வந்த பிறகு மிஞ்சும் நேரம், இவை மூன்றும் எட்டுகிற இடம் பத்து அடிக்குப் பத்து அடிதான். ஆகவே பெரிய வளவு இருந்தாலும் நாங்களும் சின்னத் தோட்டக்காரர்தான். ஒரே ஆள் உழைத்து வீட்டைப் பார்க்கிற பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

கொத்து ரோசா அந்தப் பத்தடி நிலத்துக்கு ஏற்ற செடி. இரண்டரை அடிக்கு ஒன்றாக, ஐந்து செடிகளைத் தாராளமாக வைக்கலாம்.

கன்று வாங்கும்போது

மலைநாட்டில் நின்ற கன்றுகள் லொறியில் வடக்குக்கு வருகின்றன. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல தாவரவியல் பூங்காவின் ரோசாக்களைப் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம். ஆனால் அந்தப் பூங்கா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீற்றர் உயரத்தில், குளிரில், மழையில் இருக்கிறது. எங்கள் ஊர் கடலோரம். ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் அளவில் மழை. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டிவிட்டுப் போய்விடும். மலையில் செழித்து நின்ற கன்றை ஏப்ரல் மாதம் வெள்ளாங்குளத்தில் இறக்கினால் அது என்ன செய்யும்?

ஆகவே நான் இப்போது பின்பற்றுவது இவை:

வெயில் ஊரில் குறைந்தது ஒரு கோடையைக் கண்ட கன்றாக வாங்குங்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு வருடம் நின்ற கன்று, லொறியில் நேற்று வந்த கன்றைவிட மேல்.

பூவோடு நிற்கும்போது வாங்குங்கள். நம் கடைகளில் இனத்தின் பெயர் எழுதியிருப்பது அரிது. அதனால் கண்ணால்தான் பார்க்கவேண்டும். ஒரு நுனியில் பல மொட்டுகள் உள்ளனவா? அடியிலிருந்து மூன்று கிளைகளாவது வருகின்றனவா? உயரம் முழங்காலைச் சுற்றி நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கலாம்.

கிடைத்தால், சொந்த வேரில் நிற்கும் கன்றை, அதாவது தடி நட்டு வேர்பிடித்த கன்றை வாங்குங்கள். முதல் வருடம் மெதுவாக வளரும். ஆனால் ஆடு அடியோடு கடித்தாலும், மறுபடி முளைப்பது அதே பூவாக இருக்கும். அம்மாவின் கிணற்றடியில் நின்றது அப்படிப்பட்ட கன்றாக இருந்திருந்தால், அந்தச் சிவப்பை நாங்கள் திரும்பப் பார்த்திருப்போம்.

ஒட்டுக் கன்றுதான் கிடைத்தால், நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கவேண்டும். முடிச்சுக்குக் கீழிருந்து எந்தத் தளிர் வந்தாலும் கத்தியால் வெட்டாமல், கையால் அடியோடு கிழித்து எடுங்கள். வெட்டினால் திரும்ப வரும்.

குழி தோண்டுவதற்கு முன்

இதை வேறு ஊர்த் தோட்டக் கட்டுரைகளில் எழுத மாட்டார்கள். நாங்கள் எழுதவேண்டும். உங்கள் வளவு கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதாக இருந்தாலும், இதுவரை கைபடாத மூலையில் தோண்டுவதற்கு முன் யோசியுங்கள். ஏற்கனவே கொத்திப் பயிரிட்ட இடத்திலேயே நடுங்கள். மண்ணுக்குள் துருப்பிடித்த உலோகமோ, அறிமுகமில்லாத பிளாஸ்ரிக் பொருளோ தட்டுப்பட்டால் தொடாதீர்கள், இழுக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி, தூரத்தில் ஒரு தடி நட்டு அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். சந்தேகம் இருந்தால் சட்டியில் வையுங்கள். 12 அங்குல வாய் உள்ள சட்டியில், அல்லது அடியில் ஓட்டை போட்ட 20 லீற்றர் வாளியில் கொத்து ரோசா நன்றாக வளரும்.

நிலத்தில் வைப்பதானால், ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி போதும். எங்கள் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதனால் குழியின் அடியில் ஊறவைத்துக் கழுவிய பொச்சுமட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு வரிசை அடுக்குவேன். அது தண்ணீரைக் குடித்து வைத்திருந்து வேருக்கு மெதுவாகக் கொடுக்கும். அதற்கு மேல் பாதி மண், பாதி மக்கிய ஆட்டெரு அல்லது கூட்டெரு. களித்தன்மையான வயல் மண் இரண்டு சட்டி கிடைத்தால் அதையும் கலக்கலாம். பச்சை எருவைப் போடாதீர்கள், வேர் வெந்துவிடும். குழியை நிரப்பித் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் கழித்து நடுங்கள்.

நடுவதற்கு நல்ல காலம் ஒக்டோபர் கடைசி முதல் டிசெம்பர் வரை. மாரி மழை வேரைப் பிடிக்கச் செய்துவிடும். காலை வெயில் ஆறு மணித்தியாலம் படவேண்டும். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு வீட்டு நிழலோ மர நிழலோ விழுந்தால் மிக நல்லது. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் கச்சான் காற்று இலையிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மேற்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்பு வேண்டும். தகரம் வேண்டாம். தகரம் சூட்டைத் திருப்பி அடிக்கும். கிடுகு காற்றைக் கொஞ்சம் விட்டு, வேகத்தை மட்டும் குறைக்கும்.

தண்ணீர்: எல்லாம் இதில்தான்

ரோசா உப்பைத் தாங்காத செடி. எங்கள் பக்கம் பல கிணறுகள் கோடையில் உவராகிவிடும். இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால், சட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்தால், அது உப்பின் அடையாளம். தண்ணீரின் மின்கடத்து திறனை ஒரு சின்னக் கருவியால் அளக்கலாம். சென்ரிமீற்றருக்கு 1,000 மைக்ரோசீமென்சுக்குக் கீழே இருந்தால் ரோசாவை நம்பி வைக்கலாம். அதைவிட மிக அதிகமாக இருந்தால், நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்: ரோசாவை விட்டுவிடுங்கள். போகன்விலாவும் நித்தியகல்யாணியும் உங்களை ஏமாற்றாது.

நடுத்தரமாக இருந்தால் மழைநீரைக் கலந்து விடலாம். கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு சிறிய வீட்டின் கூரை 50 சதுர மீற்றர் என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் மழைக்கு 500 லீற்றர். சிந்துவது போக 400 லீற்றராவது பீலியால் பிடிக்கலாம். மாரியில் இரண்டு மூன்று நல்ல மழையில் 1,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். ஒரு செடிக்கு ஒரு தடவை 10 லீற்றர், வாரத்துக்கு இரண்டு தடவை என்றால், ஐந்து செடிக்கு வாரம் 100 லீற்றர். பாதி மழைநீர், பாதி கிணற்று நீர் என்று கலந்தால் அந்தத் தாங்கி 20 வாரம் வரும். அதாவது மே நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் கடைசி வரை. ஆனால் பவுசர் வராத நாளில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவேண்டிய வீடாக இருந்தால், செடிக்கு ஒரு துளியும் விடாதீர்கள். முதலில் பிள்ளைகள்.

நான் செய்த பெரிய பிழை, தினமும் பின்னேரம் ஒரு செம்புத் தண்ணீரை அடியில் தெளித்தது. அது மேல் மண்ணைத்தான் நனைக்கும். வேர் மேலேயே படரும், கச்சான் காற்று தொடங்கியதும் செடி சாகும். உப்பும் மேலேயே தங்கும். அதைவிட, வாரத்தில் இரண்டு நாள், அதிகாலையில், வாளி நிறைய, மெதுவாக அடியில் ஊற்றுவது நல்லது. காற்று உரத்து வீசும் வாரங்களில் மூன்று நாள். சட்டியில் நிற்பவற்றுக்கு மட்டும் கோடையில் தினமும் வேண்டும். அடித்துளையால் வடியும்வரை ஊற்றினால் உப்பும் சேர்ந்து கழுவுப்படும். சட்டி நீர் இரண்டு நாள் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மடு மாதாவின் திருவிழாவுக்கு இரண்டு நாள் போய்த் தங்குகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் விடலாம். சலவைத்தூள் தண்ணீர் விடவே கூடாது. அடியைச் சுற்றி மூன்று அங்குலத்துக்குப் பனையோலைத் துண்டு, தும்பு, காய்ந்த இலை என்று மூடி வையுங்கள். தண்டில் தொடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இந்த மூடாக்கு ஒன்றே தண்ணீர்ச் செலவை எனக்குக் கண்ணுக்குத் தெரியக் குறைத்தது.

பசளையும் சாம்பலும்

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரென்று நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வீட்டு ரோசாவுக்கு அந்தப் பிரச்சினையே தேவையில்லை. ஆறு மாதம் மக்கிய ஆட்டெரு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, செடிக்கு இரண்டு கை. கோழியெருவில் உப்பு அதிகம், அதைக் குறையுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் விடச் சொல்கிறேன். பூச்சிக்கு என்று அடுப்புச் சாம்பலைக் கொட்டுவது. எங்கள் கடலோர மண்ணில் சிப்பியும் சுண்ணாம்பும் இருக்கும் இடங்கள் அதிகம். சாம்பல் அந்தக் காரத்தன்மையை இன்னும் கூட்டும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். ஒட்டுக்குப் பயன்படும் மல்ரிபுளோரா என்ற வேருக்குக் கார மண் சுத்தமாகப் பிடிக்காது. கூட்டெரு தொடர்ந்து போட்டால் நிலைமை மெல்லத் திரும்பும்.

எந்த நாளுக்குப் பூ வேண்டும்?

கொத்து ரோசாவில் நான் அதிகம் விரும்புவது இதைத்தான். ரோசா புதிய தளிரின் நுனியில்தான் பூக்கும். பூத்து முடிந்த கொத்தை, அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகளுள்ள நல்ல இலை ஒன்றுக்கு மேலாக வெட்டிவிட்டால், அந்த இலையடியிலிருந்து தளிர் வந்து, எங்கள் வெயிலில் ஏறத்தாழ ஆறு வாரத்தில், அதாவது 40 முதல் 45 நாளில், மறுபடி பூக்கும். ஆகவே நாளை எண்ணி வெட்டலாம்.

மே 18 க்குப் பூ வேண்டும் என்றால் ஏப்ரல் 3 ஆம் திகதியளவில் வெட்டுங்கள். மடு மாதாவின் ஆவணித் திருநாளான ஆகஸ்ட் 15 க்கு யூலை 1. கத்தோலிக்க வீடுகளில் கல்லறைக்குப் போகும் நவம்பர் 2 க்கு செப்ரெம்பர் 18. ஐந்து செடி இருந்தால் ஐந்தையும் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டு மூன்று நாள் இடைவிட்டு வெட்டினால் ஏதாவது ஒன்று சரியாக அந்த நாளில் விரிந்திருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறார். இறுதி யுத்தத்தில் மகனைக் காணாமற் கொடுத்தவர். வீட்டில் மகனின் படம் இருக்கிறது. அதற்கு அவர் மாலை போடுவதில்லை. செத்தவருக்குத்தான் மாலை போடுவது, என்ர பிள்ளைக்கு ஏன் போடவேணும் என்று கேட்பார். ஆனால் மகனின் பிறந்தநாளன்று படத்துக்குப் பக்கத்தில் ஒரு குவளையில் பூ வைப்பார். முன்பு வீதியால் போகிறவர்களிடம் சொல்லிப் பூ வாங்குவிப்பார். இப்போது அந்தத் திகதிக்கு 45 நாள் முன்னால் தானே போய் வெட்டுகிறார். "கலண்டரில வட்டம் போட்டு வைச்சிருக்கிறன்" என்று போன தடவை சொன்னார். நான் கொடுத்த தடியில் வளர்ந்த செடி அது.

பெரிய வெட்டு வருடத்துக்கு ஒன்றே போதும். தை மாதக் கடைசியில், மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது, செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறையுங்கள். காய்ந்த கிளை, உள்ளுக்குள் குறுக்காக ஓடும் கிளை, ஈர்க்குப்போல் மெலிந்த கிளை இவற்றை எடுத்துவிடுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் தொலைபேசியில் "முழங்காலுக்குக் கீழ வெட்டு" என்பார்கள். அவர்களுக்குப் பனி முடிந்து வசந்தம் வரும்போது அது சரி. எங்கள் செடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. அடியோடு வெட்டி ஏப்ரல் வெயிலில் விட்டால் தண்டு வெந்து கறுத்துவிடும்.

நோயும் பூச்சியும்

மாரியில் இலையில் கரும்புள்ளி வரும். இலை ஏழெட்டு மணித்தியாலம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அந்தப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் தண்ணீரை அடியில், காலையில் விடச் சொல்கிறேன். விழுந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். கொத்து ரோசா சில இலைகளை இழந்தாலும் மறுபடி தளிர்க்கும். பதறி மருந்து வாங்கத் தேவையில்லை.

கோடையில் எதிரி செஞ்சிற்றுண்ணி. இலை தூசு படிந்ததுபோல் மங்கி, அடியில் மெல்லிய வலை தெரியும். வாரம் ஒருமுறை அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சவர்க்காரக் கரைசல், மாலை வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள். நண்பகலில் தெளித்தால் இலை கருகும்.

எல்லாவற்றிலும் பெரிய பூச்சி ஆடுதான். வேலியை ஒழுங்காகக் கட்டுங்கள்.

ஒன்றிலிருந்து பத்து

கொத்து ரோசாவைக் காசு கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும். கார்த்திகை, மார்கழியில், பூத்து முடிந்த கிளையில் பென்சில் மொத்தத் தடி ஒன்றை ஏழு அங்குலத்துக்கு வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பாதி மணல், பாதி கூட்டெரு நிரப்பிய போத்தலிலோ பையிலோ பாதி ஆழத்துக்கு ஊன்றி, அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஐந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பத்துத் தடியில் நாலைந்து பிழைத்தால் நல்ல கை. பூச்செண்டில் வரும் நீண்ட காம்பு ரோசாவை ஊன்றி நாளை வீணாக்காதீர்கள்.

இப்படி வந்த கன்று தன் சொந்த வேரில் நிற்கும். வருகிற மாரியில் எங்கள் வீட்டில் பத்துத் தடி வெட்டக்கூடியதாக இருக்கும். இரண்டு முழங்காவிலில் இருக்கும் மச்சாளுக்கு, ஒன்று தேவன்பிட்டிக்கு என்று ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மா ஒன்றைக் கிணற்றடியில் வைக்கச் சொல்லியிருக்கிறா. அந்தப் பழைய அடிக்கட்டையை இன்னும் பிடுங்க விடவில்லை. பக்கத்தில் வை என்கிறா. இரண்டரை அடி இடைவெளி விட்டு வைக்கப்போகிறேன்.